பக்கத்தில் விட்ட இடம்

அக்கா,

புதிதாக அடித்த ஃப்ளெக்ஸ் பேனருக்கு ஒரு வாடை உண்டு. பெயின்ட்டும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி தொண்டையில் போய் உட்காரும். இந்த வாரம் முழுக்க என் ஸ்டூடியோவில் அந்த வாடைதான். பாம்பூஃப்ளாட் படகு ஜெட்டிக்குத் திரும்புகிற இடத்தில், என் வாசலுக்கு நேர் எதிரே கம்பத்தில் கட்டியிருக்கிறார்கள். மேலே 'கண்ணீர் அஞ்சலி', கீழே உங்கள் பெயர், நடுவில் நீங்கள். வாய் திறந்து, நெஞ்சில் கை வைத்து, முந்தானை சரிந்தது தெரியாமல் அழுகிற அந்தப் படம். உயிரோடு இருந்தவரை எதைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனீர்களோ, அதையே ஆளுயரத்துக்குப் பெரிதாக்கிக் காலையில் ஃபெரிக்கு ஓடுகிற ஊருக்கெல்லாம் காட்டுகிறார்கள்.

நான் கதவைப் பாதி சாத்திவிட்டுத்தான் வேலை பார்க்கிறேன். அந்தப் படம் அங்கே வராமல் தடுக்க இந்த ஊரில் ஒரே ஒரு ஆளால் முடிந்திருக்கும். அந்த ஆள் நான்தான். தடுக்கவில்லை. ஏன் என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

அந்த ஜெட்டிப் படத்தை எடுத்தவர் யாரென்று கடைசிவரை நமக்குத் தெரியவில்லை. சுனாமிக்குப் பிறகு கட்சால் தீவிலிருந்து ஆட்களை ஏற்றிவந்த கப்பல் போர்ட் பிளேரில் நின்றபோது, மெயின்லேண்டிலிருந்து வந்தவர்கள் கேமராவும் கையுமாகக் காத்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் மகளைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு இறங்கினீர்கள். கணவர் சுனாமிக்கு முன்பே இறந்திருந்தார். போர்ட் பிளேர் ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்த மகன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தான். அவனைப் பார்த்ததும், கப்பலில் வழியெல்லாம் அடக்கிவைத்திருந்தது உடைந்தது. அந்த நேரம் பார்த்து யாரோ பட்டனை அழுத்தினார். அதற்குப் பிறகு டிசம்பர் வந்தால் ஏதாவது ஒரு பேப்பரில் நீங்கள் அழுவீர்கள். ஒரு வருடம் ஏதோ கண்காட்சியின் அழைப்பிதழில்கூட அழுதீர்கள்.

நமக்குள் அப்போது முகப்பழக்கம் மட்டும்தான். சாத்தம் பக்கத்தில் ஒரு கேன்டீனில் சமையலுக்குப் போக நீங்கள் தினமும் ஃபெரி ஏறுவீர்கள். பிரின்ட் வாங்க நானும் அடிக்கடி அக்கரைக்குப் போவேன். ஒருநாள் பக்கத்தில் இருந்த பெங்காலி அம்மா உங்களையே உற்றுப் பார்த்துவிட்டு, "ஆப் ஹி ஹை நா, ஓ சுனாமி ஃபோட்டோவாலி?" என்று, அந்தச் சுனாமிப் படத்தில் இருப்பது நீங்கள்தானே என்று, கேட்டார். நீங்கள் கொஞ்சமும் அசராமல், "நஹி தீதி, ஓ மேரி பெஹன் தீ. மர் கயி" என்றீர்கள். அது என் தங்கச்சி, அவள் செத்துப்போய்விட்டாள். அந்த அம்மா உச்சுக்கொட்டிவிட்டு நகர்ந்தார். நான் உங்களையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு, "என்னா தம்பி செய்றது, அவளச் சாகடிச்சாத்தான் என்னய விடுறாங்க" என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்குத்தான் நீங்கள் என்னிடம் என்ன தொழில் என்று கேட்டீர்கள்.

அந்த வருடங்களில் இந்தத் தீவில் ஸ்டூடியோ வைத்திருந்தவனுக்கு வந்த வேலையெல்லாம் ஒரே மாதிரி. உப்புத்தண்ணீரில் ஊறி ஒட்டிக்கொண்ட படங்களைப் பிரித்துக் காயவைப்பது, கல்யாணக் கூட்டத்திலிருந்து ஒரு தலையை மட்டும் எடுத்து மாலை போடுகிற அளவுக்குப் பெரிதாக்குவது. அப்புறம் சேர்ப்புப் படம். இருப்பவரை பெஞ்சில் உட்காரவைத்து எடுத்துக்கொண்டு, போனவரைப் பழைய படத்திலிருந்து வெட்டிப் பக்கத்தில் சேர்க்க வேண்டும். கம்ப்யூட்டரில் ஓரத்தைக் கொஞ்சம் மழுக்கிவிட்டால், இருவரும் ஒன்றாக வந்து எடுத்துக்கொண்டது போலவே இருக்கும். அதற்குத்தான் நீங்களும் வந்தீர்கள்.

"பாப்பாவோட சேத்து ஒண்ணு வேணும் தம்பி. அவ படம் எங்கிட்ட இல்ல, எஸ்டேட் லயத்து வூட்டோட எல்லாம் போயிருச்சு. கூடலூர்ல சின்னம்மா வூட்ல ஒண்ணு இருக்கு, திருவிழாவுக்குப் போனப்ப எடுத்தது. அனுப்பச் சொல்லியிருக்கேன். மொதல்ல என்னய எடுத்து வச்சிரு."

பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து பக்கத்தில் இடம் விட்டீர்கள். கையை நீட்டி அந்த இடத்தை அணைத்துக்கொண்டீர்கள். நான் தொழில் புத்தியில், "கை ரொம்பக் கீழ இருக்குக்கா, கொஞ்சம் தூக்குங்க" என்றேன்.

"அவ ஒசரம் எனக்குத் தெரியாதா? நீ எடு."

எடுக்கப்போகும் நேரத்தில் அந்தக் காலியிடத்தைக் குனிந்து பார்த்தீர்கள். அங்கே அவள் ஏதோ சேட்டை செய்திருக்க வேண்டும். சிரித்தீர்கள். 'சிரிங்க, சிரிங்க' என்று நச்சரித்து வாங்கிய சிரிப்புகளைத்தான் அதுவரை நான் எடுத்திருந்தேன். இது யாரும் கேட்டு வந்ததில்லை. பட்டனை அழுத்தினேன்.

கூடலூர்ப் படம் வந்துசேர மாதங்கள் ஆயின. கவரைப் பிரிக்காமல் அப்படியே என்னிடம் கொண்டுவந்தீர்கள். கூட்டமாக நிற்கிறார்கள், ஓரத்தில் பாப்பா. எடுக்கும்போது சட்டென்று யாரையோ திரும்பிப் பார்த்திருக்கிறாள். இரண்டு பின்னலும் ரிப்பனும் தெளிவாக இருந்தன, முகம் மட்டும் கலைந்துபோயிருந்தது. நான் என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டினேன். "மகனோட சின்ன வயசுப் படம் ஏதாச்சும் கிடைக்குமாக்கா? அந்த முகத்துக்குப் பொட்டு வச்சு, கம்மல் போட்டு, முடியைச் சேத்துட்டா பாப்பா மாதிரியே வந்துரும். நெறையப் பேருக்கு அப்படித்தான் செஞ்சு குடுத்திருக்கேன்." பொய்யில்லை. இங்கே எத்தனையோ வீடுகளில் மாலைக்குள் இருப்பது உயிரோடு இருக்கிற அண்ணன் முகமும் அக்கா முகமும்தான். கும்பிடுகிறவர்களுக்கும் அது தெரியும்.

நீங்கள் கோபப்படவில்லை. "வேற புள்ள மூஞ்சிய எம் புள்ளைக்கு ஒட்ட ஏலாது தம்பி. எடம் அப்பிடியே இருக்கட்டும்" என்றீர்கள்.

படத்தை வீட்டுக்கு எடுத்துப்போகச் சொன்னேன். அதற்கும் மாட்டேன் என்றீர்கள். "ஒங்கிட்டயே இருக்கட்டும். யாருக்கும் காட்டாத. எம் மவனுக்கும் காட்டாத. எங்கிட்ட அம்மா ஒருநாளும் இப்பிடிச் சிரிக்கலியேன்னு நெனச்சிருவான்." கொஞ்சம் பொறுத்து, "நான் செத்தப் பெறகும் காட்டாத" என்று சேர்த்துக்கொண்டீர்கள். நான் பேச்சுக்குத் தலையாட்டியதை நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை, வாய்விட்டுச் சொல்லவைத்தீர்கள். "அந்தப் படத்த என்னயக் கேட்டா எடுத்தாங்க? அது ஊருக்குன்னு ஆயிருச்சு. இது ஒண்ணாவது எனக்குன்னு இருக்கட்டுமே."

அப்புறம் லீவு கிடைக்கிற நாளில் வருவீர்கள். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு நான் பீரோவில் வைத்திருந்த உங்கள் படத்தின் கவரை நீங்களே எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுவீர்கள். என் சிகரெட்டைப் பற்றி நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போவீர்கள். அதைத் தவிர நாம் பெரிதாக ஒன்றும் பேசியதில்லை.

ஆனால் நீங்கள் என் பிழைப்பைக் கெடுத்துவிட்டீர்கள், அக்கா. அதுவரை ஸ்டூடியோ முகப்புக் கண்ணாடிக்குள் ஊர்க்காரர்களின் படங்களைத்தான் வைத்திருந்தேன். கல்யாண ஜோடிகள், சடங்கு சுற்றிய பெண்கள், அம்மணமாகக் கவிழ்ந்து கிடக்கும் குழந்தைகள். எல்லா ஸ்டூடியோக்காரனும் செய்வதுதான். யாரிடமும் கேட்டதில்லை, கேட்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. விளக்கு என்னுடையது, கேமரா என்னுடையது, அதனால் அதில் விழுந்த முகமும் என்னுடையது என்று இருந்தேன். ஒரு மத்தியானம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு அலைகளையும் தென்னைமரங்களையும் மாட்டினேன். என் மனைவி வந்து பார்த்துவிட்டு, "இது என்ன கடையா, டூரிஸ்ட் ஆபீஸா?" என்று கேட்டாள். காரணத்தை அவளிடமும் சொல்லவில்லை. உங்களைப் பற்றிச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

காய்ச்சல் என்று படுத்தீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள், திரும்பவில்லை. மறுநாள் உங்கள் மகன் வந்தான். புரோத்ராபூரில் குடியிருந்துகொண்டு வண்டி ஓட்டுகிறான் என்று சொல்வீர்களே, அப்படியே உங்கள் நெற்றி அவனுக்கு. போனை நீட்டினான். நெட்டில் தேடி எடுத்திருந்தான். அந்தப் படம்தான்.

"இதப் பெருசா போட்டுக் குடுங்கண்ணே. பேனருக்கு."

"இது வேணாம்பா. வேற படம் பாரு" என்றேன்.

"வேற எங்கண்ணே இருக்கு? அம்மா கேமராவக் கண்டாலே எந்திரிச்சுப் போயிரும். கார்டுல இருக்கறது கறுப்பா விழுந்திருக்கு, ஆளே தெரியல. இதுலதான் அம்மா மொகம் க்ளியரா இருக்கு."

"இந்தப் படம் அவங்களுக்குப் பிடிக்காதுப்பா."

அவனுக்கு முகம் மாறிவிட்டது. "எங்கம்மாவுக்கு எது புடிக்கும்னு எனக்குத் தெரியாதாண்ணே? அம்மா அடிக்கடி உங்க கடைக்கு வரும்னு ஊர்ல சொல்லுவாங்க. உங்ககிட்ட ஒண்ணு இருந்தா குடுங்க, அதப் போடுறேன்."

அவனுக்குப் பின்னால்தான் பீரோ. சாவி என் சட்டைப்பையில். தலையை மட்டும் வெட்டி எடுத்துக் கொடுத்தால் என்ன என்று யோசித்தேன், பொய் சொல்ல மாட்டேன். எனக்கு அது நிமிட வேலை. ஆனால் அந்தக் கண்கள் கேமராவைப் பார்க்கவில்லை, அக்கா. பக்கத்தில், கீழே, ஒரு சின்னப் பெண்ணின் உயரத்தில் பார்க்கின்றன. எப்படி வெட்டினாலும் யாரைப் பார்த்து இந்தச் சிரிப்பு என்ற கேள்வி வரும். அதை முதலில் கேட்பவன் உங்கள் மகனாகத்தான் இருப்பான். நீங்கள் பயந்தது அதற்குத்தானே.

"இல்லப்பா" என்றேன்.

"அப்ப விடுங்கண்ணே" என்று போய்விட்டான். அக்கரையில் கொடுத்து அடித்துக்கொண்டு வந்தான். நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். அதனால்தான் நீங்கள் இன்று ஜெட்டியில் அழுதுகொண்டு நிற்கிறீர்கள். என் மேல் உங்களுக்குக் கோபம் இருக்குமா, திருப்தி இருக்குமா என்று தெரியவில்லை. எனக்கு உங்கள் மேல் கோபம்தான். இப்படியொரு சொல்லை வாங்கிக்கொண்டு போயிருக்கக் கூடாது. ஊருக்குத் தெரிந்த முகம் ஒன்று, எனக்கு மட்டும் தெரிந்த முகம் ஒன்று என்று இரண்டுக்கும் நடுவே என்னை நிறுத்திவிட்டீர்கள். கூலி வாங்கிப் படம் எடுக்கிறவனுக்கு இது அதிகம்.

நேற்றுக் கருமாதிக்குச் சொல்ல அவன் வந்தான். கோபமெல்லாம் இல்லை. வாசலில் நின்று பேனரையே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் நின்றேன்.

"சுனாமிக்குப் பெறகு அம்மா சிரிச்சு நான் பாத்ததே இல்லண்ணே" என்றான். "சிரிச்சா எப்பிடி இருக்கும்னே மறந்துபோச்சு. அதனால இதுவே இருக்கட்டும்னுதான் போட்டேன்."

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கேட்டிருப்பான். நான் ஃபெரி வருகிற பக்கம் திரும்பிக்கொண்டு, "ம்" என்று மட்டும் சொன்னேன்.

அந்த ஒரு 'ம்' தான், அக்கா, இனி என்னோடு இருக்கப்போகிறது.