கீரை வெந்த தண்ணீர்

அக்கா,

எதிர்வீட்டில் மோர்மிளகாய் பொரிக்கிறார்கள். அம்பாங்கானில் இந்த அடுக்குமாடிக்கு வந்த நாளிலிருந்து அக்கம்பக்கத்துச் சமையலை மூக்காலேயே சாப்பிட்டுப் பழகிவிட்டோம். ஆனாலும் இந்த வாசனை வந்தால் மட்டும் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஜன்னலுக்குப் போய்விடுகிறேன். எச்சில் ஊறுகிறது, இருமல் வருகிறது, அதன் பின்னாலேயே நீங்களும் வந்துவிடுகிறீர்கள், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, எண்ணெய்ச் சட்டியைத் திட்டியபடி.

எனக்கு இனி மோர்மிளகாய் கிடையாது. ஊறுகாய், கருவாடு எதுவும் கிடையாது. போன மாதம் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். உங்களுக்குச் சொன்னதையேதான் எனக்கும் சொன்னார்கள். டாக்டர்தான் வேறு. சின்னப் பையன், என் முகத்தைப் பார்க்காமல் கம்ப்யூட்டரைப் பார்த்தே பேசினான். கிட்னி இரண்டும் பாதிக்கு மேல் போய்விட்டதாம். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருக்கிறதாம். வாயைக் கட்டினால் மெஷினுக்குப் போவதைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம் என்றான். தள்ளிப்போட மட்டும்தான் முடியும் போலிருக்கிறது. வீட்டுக்கு வந்து இவரிடம், உங்கள் கொழுந்தனிடம், சொன்னேன். வாசல் நாற்காலியில் போய் உட்கார்ந்த மனிதர், சாப்பிடக் கூப்பிடும்வரை அசையவில்லை. எனக்கு வேறு யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை. நடக்கப்போவதெல்லாம் தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான்.

நாம் கூடப்பிறந்தவர்கள் இல்லை. அண்ணனை நீங்கள் கட்டிக்கொண்டீர்கள், தம்பியை நான் கட்டிக்கொண்டேன். அந்தப் பாவத்துக்குக் கோலா பிலா பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் ஒரே லயத்து வீட்டில், ஒரே அடுப்படியில் மாட்டிக்கொண்டோம். ஓர்ப்படிகள் என்றால் அடித்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று ஊரே காத்திருந்தது. நாமும் ஏமாற்றவில்லை. நான் வந்த முதல் வாரமே ஆரம்பித்துவிட்டோம்.

நான் ரஹாங் டவுனில் வளர்ந்தவள். சோறு வடித்த கஞ்சியை என்ன செய்வார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பின்வாசல் சாக்கடையில் ஊற்றினேன். நீங்கள் ஓடிவந்த வேகத்தைப் பார்த்து, பாம்புதான் புகுந்துவிட்டது என்று நான் பெஞ்சின் மேல் ஏறிவிட்டேன்.

“யேய் புள்ள, என்னா காரியம் பண்ணிட்ட! கஞ்சியப் போயி லோங்காங்குல ஊத்துறியே!”

“கஞ்சிதானேக்கா...”

“கஞ்சிதானேவா? விடியிறதுக்கு முன்ன பால் வெட்டப் போறவன் வயித்துல வேற என்னா இருக்கும்னு நெனைக்கிற? டவுன்காரி லா நீ. தண்ணின்னு நெனைச்சிட்ட. அதுல ஒரு வேளச் சாப்பாடு இருக்குடி.”

பெஞ்சிலிருந்து இறங்கும்வரை நிறுத்தாமல் திட்டினீர்கள். அப்புறம் பானையின் அடியில் மிச்சமிருந்த கஞ்சியில் உப்புப் போட்டு, ஒரு சின்ன வெங்காயத்தை நசுக்கி என் கையில் கொடுத்தீர்கள். அழுதுகொண்டே குடித்தேன். நன்றாக இருந்தது என்று உங்களிடம் சொல்ல மனம் வரவில்லை.

எஸ்டேட்டில் வருஷத்துக்கு இரண்டு பஞ்சம். பால்மரம் இலையை உதிர்க்கும் மாதங்களில் பால் இறங்காது. சம்பளம் மட்டும் நன்றாக இறங்கும். வருஷக் கடைசி மழையில் மரமெல்லாம் நனைந்து நிற்க, பால் வெட்டப் போகவே முடியாது. முதல் பஞ்சத்தில் வெயில் மண்டையைப் பிளக்கும். மற்றப் பெண்கள் அந்த வெயிலைச் சபித்துக்கொண்டு நிழலில் உட்கார்ந்திருப்பார்கள். நீங்கள் அதைக் கூலியாகவே எடுத்துக்கொண்டீர்கள். “காசில்லாத மாசத்துலதான் வெயிலக் குடுத்திருக்கான். சும்மா விடுவனா?” என்று கோழிக்கூண்டின் தகரக் கூரையை முழுக்க அடைத்துவிடுவீர்கள். மோரில் ஊறிய மிளகாய், உப்பில் ஊறிய எலுமிச்சை, சீவிய மரவள்ளி, மோட்டாரில் வரும் மீன்காரன் விலைபோகாமல் தள்ளிவிட்டுப் போகும் பொடி மீன். காக்காய் விரட்ட நான். அந்த வேலைக்காகத்தான் என்னை ரஹாங்கிலிருந்து கட்டிக்கொண்டு வந்ததாக எனக்குச் சந்தேகமே இருந்தது.

டுரியான் பழக் காலத்தில் இன்னொரு கூத்து. மலாய்க்காரர்கள் இருந்த பக்கத்துக் கம்பத்து மக்சிக் அம்மா சொல்லிக்கொடுத்தபடி, அளவுக்கு மீறிப் பழுத்ததையெல்லாம் சுளை எடுத்து, உப்புப் போட்டுப் பிசைந்து பாட்டிலில் அடைப்பீர்கள். அந்தத் தெம்போயாக் புளிக்கப் புளிக்க வீடே நாறும். உங்கள் கொழுந்தன் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். மழைக்காலம் வந்து, புளிக்குப் பதிலாக அதையே கரைத்து மீன்குழம்பு வைத்தால், அதே மனிதர் சட்டியை வழித்து நக்குவார். நீங்கள் என்னைப் பார்த்துக் கண்ணடிப்பீர்கள்.

ஒரு வருஷம் மழை விடவேயில்லை. லயம் முழுக்க ஆம்பளைகள் போர்வையைப் போர்த்திக்கொண்டு வாசலில் குந்தியிருந்தார்கள். எல்லார் வீட்டிலும் எப்படியோ அரிசி இருந்தது, தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை. நம் வீட்டில் மட்டும் தினமும் ஏதாவது ஒன்று ஜாடியிலிருந்து வந்துகொண்டே இருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தட்டோடு வந்து நின்றபோதும் நீங்கள் முகம் சுளிக்கவில்லை. “ஒரு துண்டு வச்சி ஒரு தட்டுச் சோத்த முடிக்கணும், சரியா?” என்று மட்டும் மிரட்டுவீர்கள். ஆம்பளைகள் சாப்பிட்டு, பிள்ளைகள் சாப்பிட்டு, என்னையும் உட்காரவைத்துப் போட்டபின் நீங்கள் உட்காரும்போது வெறும் ஜாடிதான் மிஞ்சியிருக்கும். அதில் சுடுதண்ணீர் ஊற்றி, குலுக்கி, அந்த உப்புத் தண்ணீரைச் சோற்றில் விட்டுப் பிசைவீர்கள். “இதான்டி எனக்கு ருசி” என்பீர்கள். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி என்று சொல்வதை நான் கண்ணால் பார்த்தது உங்களிடம்தான். அத்தனை வருஷமும் நாங்கள் காயைத் தின்றோம், நீங்கள் உப்பைத் தின்றீர்கள். அது உடம்பில் எங்கே போய்ச் சேருகிறது என்று நம்மில் யாருக்குத் தெரியும்?

எஸ்டேட் கைமாறியது. மரத்தைச் சாய்த்து வீடு கட்டினார்கள். நாம் இந்த அடுக்குமாடிக்கு வந்தோம், நீங்கள் கீழ்மாடி, நாங்கள் மேல்மாடி. உங்கள் வீட்டுக்காரர், மாமா, போய்ச் சேர்ந்தார். உங்கள் மகன் ஜொகூர் பக்கம் வேலைக்குப் போனவன், தீபாவளிக்கு வந்து தலையைக் காட்டிவிட்டுப் போனான். தாழ்வாரக் கம்பியில் நீங்கள் மிளகாய் காயவைத்ததற்கு ஒருத்தி சண்டைக்கு வந்தாள். அவளுக்கே ஒரு பாட்டில் ஊறுகாய் கொடுத்து வாயை அடைத்தீர்கள். அதெல்லாம் கொஞ்ச காலம்தான். சுகர் இருந்தது, ப்ரெஷர் இருந்தது, பிறகு கால் வீங்கியது. காலை அழுத்தினால் விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. மெஷினில் போட்டார்கள். அன்றைக்கே உங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் வீட்டில் வைத்தேன். நீங்கள் வர மறுத்தீர்கள். உங்கள் மறுப்பை நான் காதில் போட்டுக்கொள்ளாதது அது ஒரு தடவைதான்.

டயாலிசிஸ் சென்டரில் இருந்த மிஸ்ஸி, அந்த மலாய் நர்ஸ், நல்ல பெண். நம் இரண்டு பேரையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். கீரை, காய், கிழங்கு எதுவானாலும் முதலில் நிறையத் தண்ணீரில் வேகவைக்க வேண்டும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பிறகுதான் தாளிக்க வேண்டும். காயிலுள்ள பொட்டாசியம் தண்ணீரில் இறங்கிவிடும். அது உடம்புக்குள் போனால் இருதயத்தையே நிறுத்திவிடும். உங்களுக்குப் புரிய வேண்டும் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள்: “ஆயேர் புவாங், ஆன்ட்டி. மெஸ்தி புவாங் லா.” தண்ணீரைக் கொட்டு, கட்டாயம் கொட்டு என்கிறாள். பெற்ற பிள்ளையைத் தூக்கி வெளியே போடச் சொன்னதுபோல நீங்கள் அவளைப் பார்த்தீர்கள். டாக்சியில் ஏறியதும் என்னைக் கேட்டீர்கள்:

“சத்தெல்லாம் தண்ணியிலதான இருக்கு? அத ஊத்திட்டு சக்கையத் திங்கச் சொல்றாளா?”

“ஒங்களுக்கு சத்துதான்க்கா ஆகாது.”

“நல்ல சீக்குடி இது,” என்று சிரித்தீர்கள்.

நான் வேகவைத்தேன், கொட்டினேன், உப்பில்லாமல் தாளித்தேன். நீங்கள் ஒரு வாய் வைத்துவிட்டு, “ஆம்பளைங்க சமைச்ச மாதிரி இருக்கு” என்பீர்கள். ஆனால் சாப்பிட்டீர்கள். தட்டில் எதையும் மிச்சம் வைக்கத் தெரியாதே உங்களுக்கு. கொஞ்ச நாளில், “நீ போயி துணியக் காயப்போடு, நான் வடிச்சிக்கிறேன்” என்று அடுப்புப் பக்கம் வர ஆரம்பித்தீர்கள். ஆசையாக இருக்கிறது போல, செய்யட்டும் என்று விட்டேன். ஒரு நாள் துணிக் கவ்வி எடுக்கத் திரும்பி வந்தேன். சிங்க் பக்கத்தில் நின்றபடியே டம்ளரில் குடித்துக்கொண்டிருந்தீர்கள்.

“அக்கா! என்னா குடிக்கிறீங்க?”

“கீரத் தண்ணி.”

“மிஸ்ஸி என்னா சொன்னாங்க? வெசம்க்கா அது!”

“வெசமா? இத்தன வருசம் இந்தத் தண்ணியக் குடிச்சித்தான்டி உசுரோட கெடந்தேன். இப்ப மட்டும் எப்படி வெசமாவும்?”

டம்ளரைப் பிடுங்கிக் கொட்டினேன். அன்று முழுக்க நீங்கள் என்னோடு பேசவில்லை. மறுநாள் சாப்பிட உட்கார்ந்தபோது, தட்டைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னீர்கள்: “எல்லாம் புரியுதுடி. நான் ஒண்ணும் முட்டாளு இல்ல. ஆனா ஊத்தப் போனா கை போவ மாட்டேங்குது. நெஞ்சு பதறுது லா.” அப்படிச் சொன்ன உங்களை அதற்கு மேல் எப்படித் திட்டுவது? உங்கள் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன்.

அதன்பின் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் இருந்தேன். ஆனாலும் நான் பசாருக்குப் போக வேண்டும், குளிக்க வேண்டும், சாமி கும்பிட வேண்டும். ஒரு காலை கட்டிலிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தீர்கள், முடியவில்லை. “காலு என்னுது மாதிரியே இல்லடி” என்றீர்கள். ஆம்புலன்ஸ் வந்தபோது பேச்சு குழறிவிட்டது. ஆஸ்பத்திரியில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பொட்டாசியம் தாறுமாறாக ஏறியிருக்கிறது, என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டார்கள். நான் சமைத்துப் போட்டதையெல்லாம் சொன்னேன். அதில் எந்தத் தப்பும் இல்லை என்றார்கள். சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது. சுகர், ப்ரெஷர், பழைய இருதயம் என்று டாக்டர் நிறையக் காரணம் சொன்னார். இன்றைக்கும் யாராவது கேட்டால் சுகர் என்றுதான் சொல்கிறேன். எஸ்டேட்டிலிருந்து வந்தவர்கள் அதில்தான் போகிறோம், யாரும் அதற்கு மேல் கேட்பதில்லை.

காரியமெல்லாம் முடிந்து ஐஸ்பெட்டியைக் கழுவினேன். கீழ்த்தட்டில், மாவுப் பொட்டலத்துக்குப் பின்னால், ஒரு மினரல் வாட்டர் பாட்டில் இருந்தது. அதில் வெளிறிய பச்சைத் தண்ணீர். பிறகு குடிக்கலாம் என்று எடுத்து வைத்திருக்கிறீர்கள். மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன், கீரைத் தண்ணீர்தான். அப்புறம் அதை சிங்கில் கவிழ்த்துக் குழாயைத் திறந்துவிட்டேன். பாட்டிலைத் தரையில் போட்டு மிதித்தேன். உங்கள் கொழுந்தன் ஓடிவந்து பார்த்துவிட்டு, நசுங்கிய பாட்டிலைப் பொறுக்கிக்கொண்டு போனார். எனக்கு அன்று அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. இரண்டு குடும்பத்தைப் பட்டினியில்லாமல் காப்பாற்றிய மனுஷிக்கு, ஒரு டம்ளர் தண்ணீரைக் கீழே ஊற்றத் தெரியவில்லையே என்று கோபம். அது இன்னும் தீரவில்லை, அக்கா.

டாக்டர் சொன்ன நாளிலிருந்து நான் ஒழுங்காகத்தான் இருந்தேன். வேகவைத்தேன், கொட்டினேன். உங்களுக்குச் செய்த பழக்கம், கை தன்னால் செய்தது. உங்கள் மேலிருந்த கோபமே எனக்கு மருந்து என்றுகூட நினைத்தேன். அக்கா மாதிரி நான் சாகமாட்டேன் என்று இவரிடம் வீராப்பாகச் சொன்னேன்.

இன்று காலை இவர் கார் நிறுத்துமிடத்து மரத்திலிருந்து முருங்கைக்கீரை ஒடித்து வந்தார். இளங்கீரை. உட்கார்ந்து ஆய்ந்தேன், வேகவைத்தேன், சட்டியை சிங்கில் சாய்த்தேன். ஆவி முகத்தில் அடித்தது. பச்சைப் பசேலென்று, வெறும் தண்ணீர் என்று சொல்ல முடியாத தண்ணீர். மிஸ்ஸி சொன்னதும் நினைவிருந்தது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீங்கள் கிடந்ததும் நினைவிருந்தது. எதையும் மறந்துவிட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன். ஊற்றப் போனேன். நெஞ்சு பதறியது. நீங்கள் சொன்னபோது அது ஏதோ பிடிவாதத்துக்குச் சொன்ன சாக்கு என்றுதான் நினைத்திருந்தேன். நிஜமாகவே பதறுகிறது, அக்கா. சட்டியை நிமிர்த்திவிட்டேன்.

ஒரு டம்ளரில் ஊற்றி, நின்றபடியே குடித்தேன். உப்பே இல்லை, ஆனாலும் நன்றாக இருந்தது. கூடத்திலிருந்து இவர், “தண்ணிய ஊத்திட்டியா?” என்று குரல் கொடுத்தார். ஊற்றிவிட்டேன் என்றேன்.