டென்மார்க்காரர் கேட்ட கிணறு

ஆவணி 10, செவ்வாய்.

குமாரபாளையத்தில் சாயக்கழிவால் கெட்ட கிணறுகளை மீட்க டென்மார்க்கும் நம் அரசும் சேர்ந்து நடத்தும் திட்டத்தில் வேலை செய்கிறேன். இரண்டு வருடமாக வாரம் தவறாமல் தண்ணீர் எடுத்துச் சோதித்தவள் நான். அறிக்கையில் என் பெயரை நீக்கிவிட்டுத் தன் பெயரைப் போட்டுக்கொண்டவர் ஒருங்கிணைப்பாளர் செந்தில்.

இன்று டென்மார்க்கிலிருந்து ஒரு நிபுணர் அம்மாள் வந்தார். எல்லாக் கிணற்றிலும் தானே தண்ணீர் எடுத்ததாக அவரிடம் ஆங்கிலத்தில் அளந்தார் செந்தில். அப்படியானால் உப்பு குறைந்துவருவதாக அறிக்கையில் உள்ள அந்த ஒரு கிணற்றைக் காட்டுங்கள் என்றார் அம்மாள்.

செந்தில் என் பக்கம் சாய்ந்து, "எந்தக் கெணறுங்க அது?" என்று கிசுகிசுத்தார். நேற்றுவரை என்னை "ஏம்மா" என்றுதான் கூப்பிடுவார்.

"சாருக்கே தெரியுமுங்களே" என்று சத்தமாகச் சொன்னேன்.

செந்தில் குத்துமதிப்பாகக் கைகாட்ட, வெயிலில் மூன்று தோட்டம் சுற்றினோம். மூன்றாவது தோட்டக்காரர் செந்திலை ஏற இறங்கப் பார்த்தார். "இவர நான் பார்த்ததே இல்லீங்க. வாராவாரம் வாரது இந்தப் புள்ளதானுங்க" என்றார்.

அதை ஒரு சொல் விடாமல் அம்மாளுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். செந்தில் தரையைப் பார்த்தார்.

எனக்கு அது போதவில்லை. நாளை அம்மாளோடு நடக்கும் கூட்டத்துக்கு என் கையெழுத்துள்ள சோதனைத் தாள்கள் அத்தனையையும் பையில் எடுத்து வைத்துவிட்டேன். அவர்மேல் இரக்கம் வருமோ என்று பார்த்தேன். தூக்கம்தான் வருகிறது.