ஜாடியை நீட்டினேன்

12.8.1997, செவ்வாய்

இன்று பேராசிரியரைப் பழிவாங்கிவிட்டேன்.

எங்கள் ஆய்வகத்தில் செய்யும் நானோ தூளைக் கண்ணாடியில் பூசினால் வெயிலிலிருந்து மின்சாரம் வரும். கண்ணுக்கே தெரியாத நுண்மை. அதை ஒன்றரை வருடம் அரைத்துச் சலித்தவர் உதவியாளர் சுபைதா அக்கா. முகமூடி கேட்டபோதெல்லாம் பேராசிரியர் சிரித்தார். இப்போது நாலு படி ஏறினாலே அக்காவுக்கு மூச்சு வாங்குகிறது. அடுப்புப் புகைதான் காரணம் என்று சொல்லி, பேராசிரியர் அவரை வேலையை விட்டும் நிறுத்திவிட்டார்.

இன்று மில் முதலாளி ஒருவர் தூள் பூசிய எங்கள் கண்ணாடித் தகட்டை வாங்கலாமா என்று பார்க்க வந்தார்.

"இந்தத் தூளுல கெடுதல் ஒண்ணும் இல்லீங்களா?" என்று கேட்டார்.

"மூஞ்சிக்குப் போடுற பவுடர் மாதிரிதானுங்க," என்றார் பேராசிரியர்.

நான் தூள் ஜாடியை அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். "அப்ப நீங்களே மோந்து காட்டுங்க சார்."

நான் மூடியில் கை வைத்ததுமே மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தார். முதலாளி அதைப் பார்த்துவிட்டார். "அப்பறம் பேசிக்கலாமுங்க," என்று கிளம்பிவிட்டார்.

பேராசிரியர் கையில் இருக்கும் என் முனைவர் பட்டம் இனி அவ்வளவுதான். இருந்தாலும் உக்கடத்தில் இருக்கும் சுபைதா அக்கா வீட்டுக்குப் போய், நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அக்கா சிரிக்கவில்லை. இருமி முடித்துவிட்டுக் கேட்டார்:

"எனக்காகவா கண்ணு செஞ்சே? இல்ல, ஆராய்ச்சிக் கட்டுரையிலருந்து உம் பேர நீக்கிட்டாரே, அதுக்கா?"

தண்ணீர் மொண்டு கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். எதற்காகச் செய்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. ஆனால் அந்த ஆள் மூக்கைப் பொத்தியதை நினைத்தால் இனிக்கிறது. இது போதாது என்றும் தோன்றுகிறது.