எனாமல் கோப்பை

1981 பெப்ரவரி 13, வெள்ளி

கலியாணம் முடித்து நாலு மாதம். லொறி ஓட்டத் தொடங்கி மூன்று மாதம். கல்முனையில் மனைவியின் வீட்டில் நான் தங்கிய நாட்களை இரண்டு கை விரல்களில் எண்ணிவிடலாம். மாப்பிள்ளைக்கென்று வாங்கிய பூப்போட்ட பீங்கான் தட்டில்தான் மாமி இதுவரை எனக்குச் சோறு போட்டு வந்தார். அதில் கை வைக்கும்போதெல்லாம் விருந்துக்கு வந்தவன் போலக் கூச்சமாக இருக்கும்.

இன்று ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தேன். வீட்டார் சோற்றுத் தட்டாக வைத்திருக்கும் பழைய எனாமல் கோப்பை எனக்கு முன்னால் இருந்தது.

மனைவி பதறிவிட்டாள். "என்ன உம்மா, அவருக்கு இதிலயா சோறு வெச்சீங்க?"

மாமி என் முன்னால் வருவதில்லை. திரைக்குப் பின்னால் நின்று சொன்னார்: "ஊட்டு ஆளுக்கு என்னத்துக்கு புள்ள பீங்கான்? வேலி அடைக்கவும் கூலியாள் வேணாம் எண்டு சொல்லிட்டன். மருமகன் நாளைக்கு நிக்காருதானே?"

"ஓம் மாமி" என்றேன்.

அதற்குச் சற்று முன்புதான் பள்ளிவாசலடியில் லொறி முதலாளிக்கும் ஓம் சொல்லியிருந்தேன். நாளை விடிய சுபஹுத் தொழுகையோடு கொழும்புக்கு அரிசி ஏற்றிப் போக வேண்டும். முடியாது என்றால் லொறி வேறொருவன் கைக்குப் போய்விடும்.

படுத்துப் பார்த்தேன், தூக்கம் வரவில்லை. நாளைக்குப் போவதை வீட்டில் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. வேலியோரம், அடைப்பதற்கான தென்னோலைக் கிடுகுக் கட்டு கிடக்கிறது. மாமி ஏசினால் கேட்டுக்கொள்வேன். ஏச மாட்டார். அடுத்த முறை வரும்போது அந்தப் பூப்போட்ட பீங்கானைத் திரும்ப எடுத்து வைப்பார்.