யாரோ கஷ்டப்படுகிறவரின் பெட்டி

பதினேழாம் தேதி, புதன்கிழமை, காலை ஆறு நாற்பது. பெட்டியில் இருந்த பொருட்கள் பதினொன்று.

அன்புள்ள வீட்டுக்காரம்மாவுக்கு,

நான் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்று எழுதுவது எனக்குப் பிடிக்காது, தெரியும் என்று எழுதத்தான் பிடிக்கும். இந்த வாரம் எனக்கு எதுவும் தெரியவில்லை. இதை மெயிலில் அனுப்புகிறேன். தபாலில் போட்டால் எனக்குப் பின்னால்தான் வந்து சேரும்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். திங்கட்கிழமை மாலை அறைக்கு வந்து, குளிக்கலாம் என்று பெட்டியைத் திறந்தேன். மேலே ஓரம் பிரிந்த ஒரு துண்டு. அதற்கடியில் வார் அறுந்து ஊக்கு குத்திய செருப்பு. நாலாபக்கமும் சாய்ந்துபோன பல் பிரஷ். கரைந்துபோன இரண்டு சோப்பை ஒட்டி ஒன்றாக்கிய சோப்பு. உள்ளே பஞ்சு இருக்கிறதா என்றே சந்தேகம் வரும் தலையணை. இப்படிப் பதினொன்று. விமான நிலையத்தில் பெட்டி மாறிவிட்டது என்று முடிவு கட்டினேன்.

உடனே விமானக் கம்பெனிக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டேன். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று அந்தப் பெண் கேட்டாள். ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, 'பாவம், யாரோ ரொம்பக் கஷ்டப்படுறவர் பெட்டிங்க. அவரும் தேடிட்டிருப்பார்' என்றேன். அவள் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். பிறகு, 'பூட்டு உங்க நம்பர்லதானே சார் திறந்துச்சு?' என்று கேட்டாள்.

ஆமாம். என் நம்பரில்தான்.

அப்புறம்தான் சார்ஜரைப் பார்த்தேன். ஒயர் விட்டுப்போன இடத்தில் கறுப்பு டேப். அதைச் சுற்றியது நான்தான். வேறு யாரும் அவ்வளவு ஒழுங்காகச் சுற்ற மாட்டார்கள். நம் குளியலறைத் துண்டு. நம் படுக்கையறைச் செருப்பு. நம் தலையணை. என் வீட்டுச் சாமானை எனக்கே அடையாளம் தெரியவில்லை. அது எப்படி என்று இன்னும் பிடிபடவில்லை.

என் தரப்பைச் சொல்லிவிடுகிறேன். மாதத்தில் பாதிக்கு மேல் வெளியூர். பாட்டில் நிரப்பும் மெஷினை மாட்டி ஓட்டிக் காட்டும்வரை என்னை விட மாட்டார்கள். உடம்பு சரியில்லாமல் போய் நின்றால் ஒரு ஸ்க்ரூ நேராக ஏறாது. அதனால்தான் எல்லாவற்றிலும் இரண்டு செட். நல்ல செட் எப்போதும் பெட்டியில், பழையது வீட்டில். வீட்டுக்கு வந்தாலும் பெட்டியைப் பிரிப்பதில்லை. கிளம்பு என்றால் கிளம்ப வேண்டியதுதான். இதில் என்ன தப்பு? புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சிரமமில்லாமல் பயணம் செய்வது எப்படி என்று நாளை வீடியோவில் வகுப்பெடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆபீசே ஒப்புக்கொண்ட விஷயம்.

தலையணைக்காகவா பெட்டியை மாற்றி அடுக்கினாய்? போன மாதம் ஒருநாள், கிளினிக்கில் நாள் முழுக்க அடுத்தவர் கழுத்தையும் தோளையும் அமுக்கிச் சரிசெய்துவிட்டு வந்தாய். உன் கழுத்து வலிக்கிறது, பெட்டித் தலையணையைக் கொடுங்கள் என்றாய். அது டூர் தலையணை என்றேன். உண்மையைத்தானே சொன்னேன்? நீயும் சரி என்று படுத்துவிட்டாய். கோபம் என்றால் அன்றைக்கே சொல்லியிருக்கலாமே.

நேற்று போன் செய்தேன். 'உள்ள எல்லாம் சரியா இருக்கா?' என்றாய். பிறகு ஒரு சத்தம். சிரித்தாயா, மூக்கை உறிஞ்சினாயா, தெரியவில்லை, லைன் மோசம். ஏன் இப்படி என்றதற்கு, 'நல்ல செட்டு இங்கதான் இருக்கு. ஒரு வாரம் நானும் அதுல இருந்து பார்க்கறேனே' என்றாய். வெள்ளிக்கிழமை வருகிறேன், வீட்டில் இருப்பாயா என்று கேட்டேன். இதற்கு ஆமாம், இல்லை என்று இரண்டே பதில்தான். நீ, 'சாவி எதிர்வீட்டு அக்காகிட்ட இருக்கும்' என்றாய். வெள்ளிக்கிழமை உனக்கு லீவு. லீவு நாளில் சாவிக்கு எதிர்வீட்டில் என்ன வேலை? மேற்கொண்டு கேட்டால், 'போன்ல வேணாம். மெஷின்ல என்ன கோளாறுன்னு விசாரிக்கற மாதிரியே பேசறீங்க. எழுதுங்க, படிக்கறேன்' என்று வைத்துவிட்டாய்.

என்னோடு வந்திருக்கும் எலெக்ட்ரீஷியனிடம், நம் வயரிங் அண்ணனிடம்தான், கேட்டேன். 'பழைய துண்டு வெச்சு அனுப்பினா அது கோபம்டா தம்பி. துண்டே வைக்காம அனுப்பினாத்தான் பயப்படணும்' என்று சிரித்தார். சாவி விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். என்னைக் கூப்பிடவில்லை.

இரண்டு இரவும் அந்தத் தலையணையில்தான் படுத்தேன். கழுத்து இடப்பக்கம் திரும்பவில்லை. நேற்று இடப்பக்கம் நின்று பேசிய ஆலை மேனேஜருக்கு முகத்தைப் பார்க்காமலே பதில் சொன்னேன். திமிர் பிடித்தவன் என்று புகார் போயிருக்கிறது. எதிரே பெரிய கடை இருக்கிறது, எல்லாம் கிடைக்கும். போய் ஒரு நல்ல தலையணையை எடுத்து அமுக்கிப் பார்த்தேன். பில் போடவா என்று கடைக்காரர் கேட்டார். வைத்துவிட்டு வந்துவிட்டேன். நீ தினமும் இதில்தானே படுக்கிறாய் என்று தோன்றியது. அதற்கும் நான் வாங்காமல் வந்ததற்கும் என்ன சம்பந்தம் என்று விளங்கவில்லை.

கழுத்துக்கு ஒத்தடம் கொடு. நேரத்துக்குச் சாப்பிடு. எங்கே இருந்தாலும் நன்றாக இரு என்று எழுத வந்தேன். அதை அழித்துவிட்டேன். வீட்டில் இரு.

இப்படிக்கு,
நீ வைத்த பெயர்ப்படி,
பெட்டிக்காரர்

இனி நான் செய்யப்போவது:

1. இன்று மெஷினை ஓட்டிக் காட்டிவிட்டு, கழுத்து திரும்பாததால் உடம்போடு திரும்பி மேனேஜரிடம் மன்னிப்புக் கேட்பேன்.

2. நாளை வகுப்பெடுக்க மாட்டேன். காரணம் கேட்டால், எனக்கு அந்தப் பாடம் பாதிதான் தெரியும் என்பேன்.

3. வெள்ளிக்கிழமை எதிர்வீட்டுப் பக்கமே போக மாட்டேன். நம் வீட்டு மணியைத்தான் அடிப்பேன்.

4. நீ திறந்தால், இந்த ஒரு தடவை நானே பேசாமல் இருப்பேன். நீ சொல்லி முடிக்கும்வரை கேட்பேன்.

5. திறக்காவிட்டால் என்ன செய்வது என்று முக்கால் மணி நேரமாக யோசிக்கிறேன். ஒன்றும் வரவில்லை. திறந்துவிடும்மா.