பின்னால் நடந்து காட்டிய ஊர்

என் சவரி அண்ணே,

உனக்கு எழுதுவதை அச்சில் கொடுப்பது உனக்குப் பிடிக்காது. "ஊரே கேக்குற மாதிரி கத்தாதே லூர்து" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாய்? ஆனால் நீ போன இடத்துக்குத் தபால் கிடையாது. ஊர் கேட்டால் கேட்கட்டும்.

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. மூன்று நாள் காய்ச்சல், நாலாம் நாள் டத்தோ கிராமாட் தெருவில் நம் வீட்டிலிருந்து உன்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். முப்பது வயதுகூட ஆகவில்லை. அம்மா சாயங்காலம் டிராம் மணி கேட்டால் இன்னும் வாசலைப் பார்க்கிறாள். நான் பார்ப்பதில்லை. பார்ப்பதில்லை என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். பினாங்கில் நிற்கும் கப்பல்களிலிருந்து இறங்கும் வெள்ளைக்காரப் பயணிகளைக் கரையோரத் தெருக்களில் நடத்திக் கூட்டிப்போய் ஊரைக் காட்டுவது உன் வேலை. கப்பல் ஏஜெண்டு ஆபீஸ் கொடுத்த பித்தளை வில்லை உன் சட்டையில் இருக்கும். வில்லை இல்லாமல் ஊர் காட்டுகிறவர்களும் உண்டு, அதில் ஒருவனுக்குப் பேய்க்கதைக்காரன் என்றே பேர். அவர்கள் கோட்டைச் சுவரில் பேய் உலாவுகிறது என்பார்கள், புதையல் இருக்கிறது என்பார்கள். நீ மட்டும் சுவர்ப் பக்கத்தில் அவர்களை நிறுத்தி, "இந்தியாவிலிருந்து விலங்கு மாட்டிக் கொண்டுவந்த கைதிகளும் சுமந்த செங்கல் இது. தொட்டுப் பாருங்கள்" என்பாய். எந்தக் கப்பல்காரன் அதைக் கேட்க வந்தான்? ஆனாலும் தொட்டுப் பார்த்தார்களாம். தொப்பியைக் கழற்றினவர்கள்கூட உண்டாம்.

பீச் ஸ்ட்ரீட்டில் கண்ணை மூடச் சொல்வாய். கிராம்பு வாசனை எந்தக் கிடங்கிலிருந்து வருகிறது, கொப்பரை எங்கே, ரப்பர் புகை எங்கே என்று மூக்கினாலேயே ஒரு தெருவைக் கடக்க வைப்பாய். சீனக் கோவிலானாலும் பள்ளிவாசலானாலும் வாசலில் இருக்கிறவரிடம் தலையசைத்துக் கேட்டுவிட்டுத்தான் நிற்பாய். இந்த ஊரை இத்தனை மரியாதையாகக் காட்டின ஆளை நான் பார்த்ததில்லை. இதை உயிரோடு இருந்தபோது உன்னிடம் சொன்னேனா? இல்லை.

நான் சொன்னது வேறு. உனக்கு மறந்திருக்காது.

"மூட்டை தூக்குறவன் எங்க படுக்கிறான்னு அவங்களுக்குக் காட்டினியா? ரப்பர் விலை விழுந்ததும் தோட்டத்து ஆளுங்கள ஆடு மாதிரி கப்பல்ல ஏத்தி இந்தியாவுக்கு அனுப்பினாங்களே, அதைச் சொன்னியா?"

"அவன் படுக்கிற இடம் என்ன, மிருகக்காட்சிச் சாலையா?"

"உனக்குப் பயம். ஆபீஸ்காரன் வில்லையைப் புடுங்கிருவான்னு பயம். நீ ஒரு கோழை."

நீ காப்பியைக் குடித்து முடித்தாய். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாய். அடுத்த வாரம் உனக்குக் காய்ச்சல்.

உன் அடக்கம் முடிந்து இரண்டு மாதம் கழித்து, ஏஜெண்டு ஆபீஸில் டிக்கெட் எழுதும் தலைமைக் கிராணியாக இருக்கும் யாழ்ப்பாணத்துக் கந்தையா ஐயா வீட்டுக்கு வந்தார்.

"பிள்ளை, மூண்டு வெள்ளைக்கார அம்மாமார் வாறினம். ஆம்பிளை வழிகாட்டி வேண்டாமாம். நீர் பள்ளிக்கூடத்தில இங்கிலீஷ் படிப்பிக்கிறனீர்தானே, ஒருக்கா நடத்திக் காட்டும். சரிவந்தால் சவரிமுத்துவின்ர வில்லை உமக்கு. இல்லாட்டி அந்தப் பேய்க்கதைக்காரனுக்குப் போயிடும்."

அம்மா உள்ளேயிருந்து, "பொம்பளைப் புள்ள கிடங்குத் தெருவுல நடக்கிறதா? பங்குச் சாமியார் என்ன சொல்லுவாரு?" என்றாள்.

"சாமியாரும் அந்தத் தெருவுலதான் நடக்கிறாரு" என்றேன்.

ஊர் காட்டும் உன் நடையைப் பேய்க்கதைக்காரனுக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. அது என் கையில் நிற்குமா நிற்காதா என்பதுதான் அன்று எனக்கு எல்லாமே. வீட்டுக்கும் மாதா கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தவிர எங்கும் போகாத நான், அந்தத் தெருக்களில் ஒரு நாளும் நடந்ததில்லை. ஆனால் உன் நடை எனக்கு வரிக்கு வரி தெரியும். புதிதாக ஒரு வாக்கியம் சேர்த்தாலும் நம் வீட்டுக் கொல்லையில்தானே நடந்து பார்ப்பாய்? நான் சமையலறைப் படியில் உட்கார்ந்து கேட்பேன். கேட்கிறவர்கள் முகத்தைப் பார்த்தபடியே நீ பின்னால் நடப்பாய். "ரிக்ஷா வந்து இடிச்சா?" என்று கேட்டால், "அவங்க முகம் கோணும்ல, அதைப் பாத்து நான் ஒதுங்கிக்குவேன்" என்பாய்.

அன்றைக்கு நானும் அப்படியே நடந்தேன். மணிக்கூண்டு, கோட்டை, பீச் ஸ்ட்ரீட் எல்லாம் நன்றாகவே போயின. மூன்று அம்மாமாரும் கண்ணை மூடிக் கிராம்பு மணத்தைத் தேடினார்கள். சேலை கட்டிய ஒருத்தி பின்பக்கமாக நடந்து இங்கிலீஷ் பேசுவதைப் பார்க்கத் தெருவே நின்றது. "ஆத்தாடி, முன்னால பாத்து நடம்மா!" என்று ஒரு பால்காரர் கத்தினார். எனக்குச் சிரிப்பு வந்தது. நீ என்ன சொல்லியிருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைத்தெருவில் பூக்கடை தாண்டியதும் மாரியம்மன் கோவிலுக்குத் திரும்ப வேண்டும். அந்தத் திருப்பத்தை மட்டும் நீ வாயால் சொன்னதில்லை. கொல்லையில் கிணற்றுப் பக்கமாகக் கையை நீட்டுவாய், அவ்வளவுதான். உன் எதிரில் உட்கார்ந்திருந்த எனக்குக் கிணறு இடப்பக்கம். இடம் என்றே மனதில் பதித்துக்கொண்டேன். பூக்கடை தாண்டியதும் என் இடது கையை நீட்டித் திரும்பினேன். உட்கார்ந்து பார்த்த இடதும் பின்னால் நடக்கும்போது வரும் இடதும் ஒன்றில்லையே, அண்ணே! பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இடம் வலம் சொல்லிக்கொடுக்கிறவள் நான்.

பின்னால் நடந்ததால் எங்கே போகிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாமாரின் முகம்தான் தெரிந்தது. முதலில் மூக்கு சுருங்கியது, அப்புறம் கண் விரிந்தது. ஒருத்தி பையைத் திறந்து காமிராவை எடுத்தாள். நான் திரும்பினேன்.

துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களின் குடியிருப்புச் சந்து அது. முதல் நாள் இரவு முழுக்கக் கப்பலில் சரக்கு இறக்கியவர்கள் வீட்டு முகப்பு நிழலில் ஓடும் ஐந்தடிப் பாதையில் வரிசையாகச் சாக்கை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளே இடமில்லை, ஒரே அறையில் மூன்று முறையாக ஆள் மாற்றித் தூங்குகிறார்கள். குழாயடியில் ஒருவர் கோவணத்தோடு குளித்துக்கொண்டிருந்தார். காமிரா வைத்திருந்த அம்மாள் தூங்கிக்கொண்டிருந்த ஒருவரின் தோளுக்கு நேராகக் குனிந்தாள். அந்தத் தோளில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து சிவந்திருந்தது. "எவ்வளவு நிஜமான காட்சி!" என்றாள்.

இதைக் காட்டத்தானே உன்னோடு சண்டை போட்டேன்? காட்டியாகிவிட்டது. எனக்கு அது ஏன் பொறுக்கவில்லை?

நான் போய்க் காமிராவுக்கு முன்னால் நின்றுகொண்டேன். அதற்குள் கஞ்சிப் பானைக்குப் பக்கத்திலிருந்து ஒரு பெண் அகப்பையோடு எழுந்து வந்தாள். அங்குள்ளவர்களுக்குச் சமைத்துப் போடும் பாக்கியம் அக்கா.

"ஏய் பொண்ணு! யாரைக் கேட்டு இவளுங்கள இங்க கூட்டிட்டு வந்தே? மனுசன் குளிக்கிறதை என்னா திருவிழாவா வச்சிருக்கோம்?"

"தெரியாம வந்துட்டேங்க்கா. நான் சவரிமுத்து தங்கச்சி."

அகப்பை கீழே இறங்கியது.

"நம்ம சவரி தங்கச்சியா? அவன் செத்ததுக்கு இங்க ஒரு நாள் உலை வைக்கல, தெரியுமா?" என்றாள். அப்புறம் குழாயடியைப் பார்த்து, "யோவ் மாணிக்கம், வேட்டியைக் கட்டுய்யா, சவரி தங்கச்சி வந்திருக்கு!" என்று கத்தினாள்.

அம்மாமாரைச் சந்து முனையில் நிறுத்திவிட்டு, உன்னைப் பற்றி எனக்குத் தெரியாததை அங்கே நின்றுதான் கேட்டேன். பயணிகளோடு வரும்போது இந்தச் சந்து முனையில் நீ குரலை உயர்த்தி, அவர்களைக் கோவில் பக்கம் திருப்பிக்கொண்டு போய்விடுவாயாம். கப்பல் கிளம்பியதும் தனியாக இங்கே வருவாயாம்.

"வந்து அந்த வெள்ளைக்காரங்க நடக்கிற மாதிரி நடப்பான்லா" என்றார் மாணிக்கம் அண்ணன். "இடியாப்பத்தைப் பாத்து ஒரு தொரை பயந்த கதை, செருப்பைக் கழட்டுன அம்மா சுடுதரையில குதிச்ச கதை. சிரிச்சு சிரிச்சு எங்களுக்குத் தோள்வலி மறந்துரும்."

"எங்களைப் பாத்துட்டுப் போறவங்க எத்தனையோ பேரு. எங்களுக்கு அவங்களைக் காட்டினவன் அவன் ஒருத்தன்தான்" என்றாள் பாக்கியம் அக்கா.

கோழை என்ற சொல்லை நான் இங்கே, அச்சில், எல்லோரும் பார்க்க, திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

மறுநாள் கந்தையா ஐயா ஆபீஸுக்குக் கூப்பிட்டார். வில்லை போய்விட்டது என்றுதான் நினைத்துப் போனேன்.

"பிள்ளை, அவையளுக்கு எல்லாத்திலயும் மூட்டைக்காரரின்ர அந்தச் சந்து ஒழுங்கைதான் பிடிச்சதாம்! கோவிலைவிட அதுதான் புதுசாம். பெரியதொரையும் சம்மதிச்சிட்டார். வாற கப்பலிலயிருந்து அதையும் சேர்த்துக் காட்டும். வில்லை உமக்குத்தான், இந்தாரும்."

ஒரு நிமிஷம் ஆசை வந்தது, மறைக்க மாட்டேன். உண்மையைக் காட்டலாம், உன் வில்லையும் என்னிடம் இருக்கும். "அந்த வீட்டுக்காரங்களைக் கேக்கணும் ஐயா" என்று மட்டும் சொன்னேன். கேட்டுவிட்டுத்தான் நிற்க வேண்டும் என்று நீ நடந்து காட்டியதை அந்த ஒரு நாள் மறந்தேன். இரண்டாம் தடவை மறக்கவில்லை.

சந்தில் போய்ச் சொன்னேன். மாணிக்கம் அண்ணன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"வரட்டும்லா. நாங்க படுக்கிற இடத்தை அவங்க பாக்கட்டும். அவங்க படுக்கிற இடத்தை நாங்க பாக்கணும். இருபது வருசமா அந்தக் கப்பலுங்களுக்குச் சரக்கு ஏத்துறேன், அடித்தட்டைத் தவிர ஒண்ணையும் பாத்ததில்ல. மேல மெத்தை இருக்காமே? தொட்டுப் பாக்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அது வேடிக்கைப் பேச்சு இல்லை. அதை அப்படியே கந்தையா ஐயாவிடம் கொண்டுபோய்ச் சொன்னேன்.

"பிள்ளை, பகிடி விடாதேயும்."

"பகிடி இல்லீங்க ஐயா. இதுதான் அவங்க கேக்கிறது."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அறைக் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "முப்பது வருஷமா முதலாம் வகுப்புக்கு டிக்கெட் எழுதுறன். அதுக்குள்ள நானே இன்னும் கால் வைக்கேல்லை."

அந்த இடத்தைக் காட்ட மாட்டேன் என்று சொல்லி, உன் வில்லையை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன், அண்ணே. இப்போது அது பேய்க்கதைக்காரனின் சட்டையில் இருக்கிறது. அவன் அந்தச் சந்துக்குப் பயணிகளைக் கூட்டிப்போனான். அகப்பை அவனுக்காக இறங்கவில்லை என்று கேள்வி.

உன் நடையைத் தொலைத்துவிட்டேன் என்று ஒரு வாரம் அழுதேன். அப்புறம் பாக்கியம் அக்கா நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்துக்கே வந்து நின்றாள். "பன்னெண்டு வருசமா இந்த ஊர்ல இருக்கேன். பசாருக்கும் பானைக்கும் நடுவுலதான் நடந்திருக்கேன். யாருக்கோ காட்டுறியே, எனக்குக் காட்டேன்" என்றாள். இங்கிலீஷ் வரிகளை எல்லாம் தமிழாக்கினேன்.

போன ஞாயிறு பூசை முடிந்ததும் பதினொரு பேர் வந்தார்கள், வெளுத்த வேட்டியும் மடிப்புக் கலையாத சேலையுமாக. கோட்டைச் சுவரை எல்லோரும் தொட்டார்கள். பாக்கியம் அக்கா கைதிகள் கதையைக் கேட்டுவிட்டு, "பாவி மக்க, எத்தனை பேரோ" என்று சுவரைத் தடவிக்கொண்டே நின்றாள்.

பீச் ஸ்ட்ரீட்டில் புதிதாகக் கட்டிய ஒரு பெரிய ஆபீஸ் வந்தது. அதைப் பற்றி நீ கொல்லையில் சொன்னதையே சொன்னேன். தூண் எந்த நாட்டுப் பாணி, சலவைக்கல் எங்கிருந்து வந்தது என்பதெல்லாம். மாணிக்கம் அண்ணன் குறுக்கே கையை நீட்டினார்.

"இரு தங்கச்சி. இந்தத் தூணை நிமிர்த்தினப்ப நான் கயிறு புடிச்சேன். எனக்கு அடுத்தாப்ல புடிச்சவன் ராமன். கயிறு அறுந்து அவன் மேல விழுந்துச்சு. சம்சாரம் ஊர்ல, எந்த ஊருன்னு ஒருத்தருக்கும் தெரியல. சேதி போகவே இல்ல."

உன் நடையில் இது இல்லை, அண்ணே. உனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. தெரிந்திருந்தால் நீ சொல்லியிருப்பாய் என்று இப்போது எனக்குச் சந்தேகமில்லை.

ஞாயிறுதோறும் நடப்பேன். யார் வந்தாலும் சரி, மழை வந்தாலும் சரி, காவல்காரன் வந்து போகச் சொன்னாலும் சரி, அந்தத் தூணருகே நிறுத்தி, பாணியும் சலவைக்கல்லும் சொல்வதற்கு முன்னால், கயிறு பிடித்த ராமன் இங்கே செத்தான் என்று சொல்வேன். கேட்கிறவர்களில் ஒருவருக்காவது அவன் ஊர் தெரிந்திருக்கும். தெரியும்வரை சொல்வேன்.

உன்னோடு கூடப்பிறந்த,
உன்னைப் புரிந்துகொள்ளத் தாமதித்த
தங்கச்சி லூர்துமேரி