அம்மாள் தந்த வெள்ளைப் பூ

பங்குனி, செவ்வாய் இரவு.

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்வதைப் போனே எழுதிக்கொள்கிறது.

கனடாவில் பேத்தியின் பள்ளிக்கூடத்தில் பெரு நாட்டுக்குச் சுற்றுலா போகிறார்கள். இன்கா என்ற பழைய அரசர்கள் மலை உச்சியில் கட்டிய ஊரைப் பார்க்கப் போகிறார்கள். சாந்து பூசாத கற்களாம், இடையில் கத்தி முனைகூட நுழையாதாம். எங்கே இறங்குவது, எங்கே தங்குவது என்று எல்லாவற்றையும் அவள் ஒருமுறை வாசித்துக் காட்டினாள். இப்போதும் வரிசை பிசகாமல் சொல்வேன். உச்சியில் மூச்சு முட்டும், அதற்குக் குளிசை கொடுப்பார்கள் என்றதையும் மறக்கவில்லை.

"அம்மாளிட்டப் பூக்கட்டிக் கேளுங்கப்பா. வெள்ளை வந்தா அனுப்புறன். சிவப்பு வந்தா இல்ல," என்றாள் மகள்.

காலையில் அம்மாள் கோயிலில், வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனியே மடித்துப் போட்ட இரண்டு பொட்டலங்களில் ஒன்றை எடுத்துப் பிரித்தேன். வெள்ளை.

"பயப்படாம அனுப்புங்கண்ணே, அம்மாள் வழி விட்டிட்டா," என்று பூசாரி சிரித்தார்.

வாவியில் தோணி விட்டுத் திரும்பி வராத மகனுக்காக விடியும்வரை கரையில் நின்றவன் நான். மகளிடம் சிவப்பு என்று சொல்லிவிட்டேன்.

அவள் அதை அப்படியே நம்பிவிட்டாள். பேத்திதான் போனை வாங்கினாள். "அம்மப்பா, நான் என்ன பிழை செய்தன்? அம்மாளுக்கு என்னில கோவமா?"

"இல்ல மகள்," என்றேன்.

என் பயத்தைத் தூக்கி அம்மாளின் தலையில் வைத்துவிட்டேன். பிள்ளை இனி அந்தக் கோயில் வாசலுக்கு எந்த மனதோடு வருவாள்?

பெயர் கொடுக்க நாளைதான் கடைசி நாள். அங்கே இப்போது மத்தியானம். மகள் விழித்துத்தான் இருப்பாள். போனும் என் கையில்தான் இருக்கிறது.